திரையில் படித்தது ஒன்று, பாக்கெட்டில் இருப்பது வேறு: வாசகர் கேள்வி–பதில்

இணையத்தில் மளிகை வாங்கும்போது லேபிளை எப்படிப் படிப்பது என்று கேட்டு இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒவ்வாமை பற்றிய கேள்வி உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் அதற்கு முதலிடம், கொஞ்சம் கூடுதல் இடமும்.

கேள்வி: என் மகனுக்கு நிலக்கடலை ஒவ்வாமை. தளத்தில் இருந்த உட்பொருள் பட்டியலை முழுக்கப் படித்துவிட்டுத்தான் பிஸ்கட் ஆர்டர் செய்தேன். வந்த பாக்கெட்டில் ‘நிலக்கடலை கலந்திருக்கக்கூடும்’ என்று அச்சிட்டிருக்கிறது. எதை நம்புவது? இப்படி எப்படி நடக்கிறது?

பதில்: பாக்கெட்டை நம்புங்கள். அந்த பிஸ்கட்டைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.

பாக்கெட்டில் அச்சாகியிருப்பதுதான் மூலம். திரையில் தெரிவது என்றைக்கோ எடுத்த நகல். தயாரிப்பாளர் அனுப்பும் தரவுக் கோப்பிலிருந்து அது வந்திருக்கலாம். விற்பனைத் தளத்தின் ஊழியர் ஒரு மாதிரிப் பாக்கெட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்திருக்கலாம். வேறொரு விற்பனையாளர் போட்ட பக்கத்தில் இவர் தன் சரக்கைச் சேர்த்திருக்கலாம். தொழிற்சாலையில் சேர்மானமோ இயந்திர வரிசையோ மாறினால் புதிய உறை அச்சாகிவிடும். அந்த மாற்றம் கோப்பாகி, தளத்துக்குப் போய், பக்கத்தில் ஏற நாளாகும். சில பக்கங்களில் ஏறுவதே இல்லை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கிடங்கில் பழைய சரக்கும் புதிய சரக்கும் சேர்ந்தே இருக்கும். பக்கத்தைச் சரியாகப் புதுப்பித்த பிறகும் உங்கள் கைக்குப் பழைய பாக்கெட் வரலாம். ஆக, பக்கம் புதிதாக இருப்பதும் உத்தரவாதம் ஆகாது.

‘கலந்திருக்கக்கூடும்’ என்ற எச்சரிக்கை பல நாடுகளில் கட்டாயமில்லை, தயாரிப்பாளர் தானாக முன்வந்து போடுவது. அதனால் பல தளங்களின் தரவுப் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டமே இருக்காது. பாக்கெட்டில் இருக்கும் எச்சரிக்கை திரையில் காணாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இனி ஆர்டர் செய்யும்போது இந்த வரிசையில் பாருங்கள். முதலில், பாக்கெட்டின் பின்பக்கப் படம் இருக்கிறதா என்று தேடி, அதில் உள்ள பட்டியலைப் பக்கத்தில் தட்டச்சாகியிருக்கும் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒரு சொல் வேறுபட்டாலும் அந்தப் பொருளை விட்டுவிடுங்கள். அடுத்து, தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தில் அதே பொருளைப் பாருங்கள். அதன் பிறகும் ஐயம் இருந்தால் விற்பனையாளரிடம் கேளுங்கள். ஆனால் ‘இதில் நிலக்கடலை உண்டா’ என்று கேட்டுப் பயனில்லை. பதில் சொல்பவரும் நீங்கள் பார்க்கும் அதே பக்கத்தைத்தான் பார்த்துச் சொல்வார். ‘இப்போது இருப்பில் உள்ள பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள்’ என்று கேளுங்கள். கடைசியாக, பொருள் வந்ததும் டப்பாவில் கொட்டும் முன் ஒருமுறை படியுங்கள். பத்தாவது முறை வாங்கும் அதே பிஸ்கட்டாக இருந்தாலும் சரி. டப்பாவுக்கு மாற்றினால் உட்பொருள் பட்டியலும் பேட்ச் எண்ணும் உள்ள பகுதியைக் கத்தரித்து டப்பாவிலேயே ஒட்டிவையுங்கள்.

வெளிநாட்டுத் தயாரிப்பு என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கட்டாயமாக அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருட்களின் பட்டியல் நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 வகைகள். கடுகு, செலரி, லூபின் பருப்பு எல்லாம் அதில் உண்டு. அமெரிக்காவில் 9 வகைகள். எள் 2023 ஜனவரி 1 முதல்தான் சேர்ந்தது, கடுகு இன்றுவரை இல்லை. கடுகு ஒவ்வாமை உள்ளவர் அமெரிக்கப் பாக்கெட்டில் ‘இதில் உள்ளவை’ என்று தனியாகப் போட்டிருக்கும் வரியை மட்டும் பார்த்தால் போதாது. ‘மசாலாப் பொருட்கள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் கடுகு அடங்கியிருக்கக்கூடும்.

கேள்வி: ‘பால் இல்லாதது’, ‘குளூட்டன் இல்லாதது’ என்று வடிகட்டித் தேடும் வசதியைப் பயன்படுத்துகிறேன். அது போதாதா?

பதில்: தேடும் வேலையைக் குறைக்க அது உதவும். முடிவெடுக்க உதவாது. தரவுப் படிவத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ‘உண்டு’, ‘இல்லை’ என்று குறிக்கக் கட்டங்கள் இருக்கும். பல பொருட்களுக்கு அந்தக் கட்டம் நிரப்பப்படாமலே கிடக்கும். சில தளங்கள் நிரப்பாத கட்டத்தையும் ‘இல்லை’ என்றே எடுத்துக்கொண்டு பொருளை உங்கள் முன் வைக்கும். சில தளங்கள் பெயரில் உள்ள சொல்லை வைத்தே வகை பிரிக்கும். வெற்றுக் கட்டத்துக்குப் பொருள் ‘தெரியாது’ என்பதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டாலே பாதி ஆபத்து நீங்கும்.

கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் உள்ள புரதமான குளூட்டன் விஷயத்தில் ஓர் அளவுகோல் உண்டு. பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் தரப்படி, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாவிட்டால்தான் ஓர் உணவை ‘குளூட்டன் இல்லாதது’ என்று சொல்லலாம். பாக்கெட்டிலேயே அந்த வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். உட்பொருள் பட்டியலில் கோதுமை இல்லை என்பதற்காகத் தளம் தானாக ஒட்டிய பட்டைக்கு அந்த மதிப்பு கிடையாது.

கேள்வி: எல்லா விவரமும் போடுகிற தளங்கள் காலாவதி தேதியை மட்டும் ஏன் மறைக்கின்றன?

பதில்: மறைக்கிறார்கள் என்பதைவிட, பெரும்பாலான தளங்களுக்கு அது தெரிவதே இல்லை என்பதுதான் சரி. பாக்கெட்டின் பட்டைக்கோட்டில் உள்ள 13 இலக்கங்கள் ‘இது இன்ன பொருள், இன்ன அளவு’ என்று மட்டுமே சொல்லும். தேதியும் பேட்ச் எண்ணும் அதற்குள் இல்லை. கிடங்கில் அதை வருடும் கருவிக்கு, நாளை காலாவதியாகும் பாக்கெட்டும் ஆறு மாதம் கழித்துக் காலாவதியாகும் பாக்கெட்டும் ஒன்றுதான். தேதியையும் பேட்ச் எண்ணையும் உள்ளடக்கக்கூடிய சதுரக் குறியீடுகள் இப்போது வந்துகொண்டிருக்கின்றன. பட்டைக்கோடுகளை நிர்வகிக்கும் ஜிஎஸ்1 அமைப்பு, 2027 முடிவுக்குள் உலகெங்கும் கடைகளின் கருவிகள் அவற்றைப் படிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. அது நடந்தால் இந்த நிலை மாற வழியுண்டு.

சட்டங்களும் இந்த நடைமுறைச் சிக்கலை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 விதி, 2014 டிசம்பர் 13 முதல், கட்டாய விவரங்கள் அனைத்தையும் வாங்கும் முன்பே காட்டச் சொல்கிறது. தேதிக்கு மட்டும் விலக்கு. தேதி உட்பட எல்லாமே பொருள் கைக்கு வரும்போது இருக்க வேண்டும். இந்தியாவில் 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள பொட்டலப் பொருள் விதியும், தயாரித்த மாதம், ஆண்டு நீங்கலாக மற்ற கட்டாய விவரங்களைத் தளத்தில் காட்டச் சொல்கிறது. கோடெக்ஸும் 2024-இல் இணைய விற்பனைக்கென்றே தனியான வழிகாட்டுதலை ஏற்றுக்கொண்டது.

தேதி தெரியாமல் வாங்குவதால், வந்தவுடன் பார்ப்பது உங்கள் பொறுப்பாகிவிடுகிறது. எவ்வளவு ஆயுள் மிச்சம் இருந்தால் ஏற்கலாம் என்பதற்கு ஓர் அளவு வேண்டுமென்றால், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனையாளர்களுக்கு 2024-இல் வலியுறுத்தியதை எடுத்துக்கொள்ளலாம்: கையில் தரும்போது மொத்த ஆயுளில் 30 விழுக்காடு, அல்லது காலாவதிக்கு முன் 45 நாள் மிச்சம் இருக்க வேண்டும். 180 நாள் ஆயுள் உள்ள பொருள் என்றால் 30 விழுக்காடு 54 நாள்.

தேதியைப் படிப்பதிலும் தவறு நேர்வதுண்டு. 03/04 என்பது ஒரு நாட்டில் ஏப்ரல் 3, இன்னொரு நாட்டில் மார்ச் 4. தயாரித்த தேதி பக்கத்திலேயே இருந்தால் இரண்டையும் ஒப்பிட்டு எது மாதம் என்று கண்டுகொள்ளலாம். ‘இந்தத் தேதிக்கு முன் பயன்படுத்துவது சிறந்தது’ என்பது சுவை, மொறுமொறுப்பு போன்ற தரம் பற்றியது. ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்’ என்பது பாதுகாப்பு பற்றியது. அது ஒரு நாள் தாண்டினாலும் வேண்டாம். இரண்டுமே திறக்காத பாக்கெட்டுக்குத்தான். திறந்த பின் எத்தனை நாள் என்பது தனியாக, பெரும்பாலும் சிறிய எழுத்தில் இருக்கும். அதைத் தளத்தின் பக்கத்தில் எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: பட்டைக்கோட்டின் முதல் மூன்று எண்களைப் பார்த்தால் எந்த நாட்டில் தயாரானது என்று சொல்லிவிடலாமாமே?

பதில்: முடியாது. அந்த நிறுவனத்துக்கு எண் வழங்கிய ஜிஎஸ்1 கிளை எந்த நாட்டில் இருக்கிறது என்பதை மட்டுமே அது காட்டும். பொருள் எங்கு வேண்டுமானாலும் தயாராகியிருக்கலாம். தயாரிப்பு நாடு எழுத்தில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய். ஒரே வகை பிஸ்கட்டுக்கு ஒரு பாக்கெட்டில் கார்போஹைட்ரேட் 70 கிராம், வேறொரு நாட்டுப் பாக்கெட்டில் 64 கிராம் என்று போட்டிருக்கிறது. குறைவானதை வாங்கலாம்தானே?

பதில்: இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். அமெரிக்க முறையில் ‘மொத்தக் கார்போஹைட்ரேட்’ என்பது நார்ச்சத்தையும் சேர்த்த கணக்கு. நார்ச்சத்து அதற்குக் கீழே சற்று உள்தள்ளி எழுதப்பட்டிருக்கும். ஐரோப்பிய முறையில் நார்ச்சத்து அந்த எண்ணுக்கு வெளியே இருக்கும். 6 கிராம் நார்ச்சத்து உள்ள பிஸ்கட்டுக்கு முதல் முறையில் 70, இரண்டாவது முறையில் 64. பொருளில் எந்த வித்தியாசமும் இல்லை.

எந்த முறை என்று தெரியாதபோது கூட்டிப் பாருங்கள். 100 கிராமுக்குக் கார்போஹைட்ரேட் 70, நார்ச்சத்து 6, புரதம் 7, கொழுப்பு 20 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 103. நூறு கிராம் பொருளுக்குள் 103 கிராம் அடங்காது. ஆக, நார்ச்சத்து 70-க்குள்ளேயே இருக்கிறது. அதைக் கூட்டாமல் பார்த்தால் 97. மீதி 3 கிராம் ஈரமும் உப்பும். பிஸ்கட், மாவு, தானியச் செதில் போன்ற உலர்ந்த பொருட்களுக்கு இந்தக் கணக்கு நன்றாக வேலை செய்யும். பால், சாறு, ரொட்டி போன்றவற்றில் தண்ணீர் அதிகம் என்பதால் கூட்டுத்தொகை எப்படியும் நூறுக்குள் நின்றுவிடும், பயன்படாது.

மாவுச்சத்தைக் கணக்கிட்டு இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்றால் எந்த எண்ணை எடுப்பது என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு, ஒரே முறையையே கடைப்பிடியுங்கள். முறை மாறினால் அளவும் மாறும்.

அடுத்த குழி ‘ஒரு பரிமாறலுக்கு’ என்ற எண். ஒருவர் 30 கிராம் என்பார், இன்னொருவர் 20 கிராம் என்பார். இரண்டையும் 100 கிராமுக்கு மாற்றாமல் ஒப்பிடக் கூடாது: பரிமாறல் எண்ணைப் பரிமாறல் கிராமால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 30 கிராமில் 9 கிராம் சர்க்கரை என்றால் 100 கிராமில் 30. பரிமாறல் அளவு மிகச் சிறியதாக இருந்தால் இன்னும் உஷார் வேண்டும். அமெரிக்க விதிப்படி ஒரு பரிமாறலில் சர்க்கரை 0.5 கிராமுக்குக் கீழ் என்றால் ‘0’ என்று எழுதலாம். 5 கிராம் பரிமாறலில் 0.4 கிராம் இருந்தால் லேபிளில் பூஜ்யம்; 100 கிராமில் அது 8 கிராம்.

கேள்வி: ஒரு பாக்கெட்டில் சோடியம், இன்னொன்றில் உப்பு. எப்படி ஒப்பிடுவது?

பதில்: சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. 400 மில்லிகிராம் சோடியம் என்பது 1 கிராம் உப்பு. எனர்ஜி கிலோஜூலில் இருந்தால் 4.184-ஆல் வகுத்தால் கிலோகலோரி கிடைக்கும்.

கேள்வி: ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று தளத்தில் பெரிய எழுத்தில் இருக்கிறது. சத்துப் பட்டியலில் பார்த்தால் சர்க்கரை 11 கிராம். பொய்தானே?

பதில்: பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பழத்திலும் பாலிலும் இயல்பாகவே சர்க்கரை உண்டு. அதற்கு மேல் சேர்க்கவில்லை என்பதைத்தான் அந்த வாசகம் சொல்கிறது. ‘சர்க்கரை இல்லாதது’ என்பது வேறு. கோடெக்ஸ் அளவின்படி 100 கிராமில் 0.5 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. தளத்தின் தலைப்பை எழுதுபவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுவது அடிக்கடி நடக்கிறது. தலைப்பை விட்டுவிட்டுப் பாக்கெட் படத்தில் எந்த வாசகம் இருக்கிறது என்று பாருங்கள்.

உட்பொருள் பட்டியல் எடையின்படி இறங்குவரிசையில் இருக்கும் என்பது பலருக்கும் தெரியும். சர்க்கரை நான்காவது இடத்தில் இருக்கிறதே என்று திருப்திப்படும் முன் குளுக்கோஸ் பாகு, டெக்ஸ்ட்ரோஸ், இன்வெர்ட் பாகு, ஃபிரக்டோஸ், தேன், பழச்சாற்றுச் செறிவு ஆகியவை அங்கங்கே சிதறிக் கிடக்கின்றனவா என்று தேடுங்கள். தனித்தனியாகப் பிரித்து எழுதும்போது ஒவ்வொன்றின் எடையும் குறைவதால் பட்டியலில் கீழே போய்விடும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினால் முதலிடத்துக்கே வந்துவிடலாம். மால்ட்டோடெக்ஸ்ட்ரின் சர்க்கரைக் கணக்கில் வராது. ஆனால் வேகமாக ரத்தத்தில் ஏறும் மாவுச்சத்து.

கேள்வி: லிட்டரில் விற்கும் எண்ணெயையும் கிலோவில் விற்கும் எண்ணெயையும் எப்படி ஒப்பிடுவது? தளம் காட்டும் ‘அலகு விலை’ சரியா?

பதில்: சமையல் எண்ணெய் ஒரு லிட்டர் ஏறத்தாழ 910 முதல் 920 கிராம். லிட்டரும் கிலோவும் ஒரே விலை என்றால் கிலோவில் வாங்குபவருக்குத்தான் அதிக எண்ணெய் கிடைக்கிறது. தேனுக்கு இது தலைகீழ்: ஒரு லிட்டர் தேன் ஏறத்தாழ 1.4 கிலோ. ஐஸ்கிரீம் மில்லிலிட்டரில் விற்றால் அதில் காற்றும் சேர்ந்த அளவு என்பதால் கிராமும் போட்டிருந்தால் கிராமையே எடுங்கள். திரவத்தில் ஊறவைத்து டின்னில் அடைத்த பொருளுக்கு நிகர எடையோடு ‘வடித்த எடை’ என்று இன்னொரு எண் இருக்கும். உண்பது அதைத்தான், விலையையும் அதால்தான் வகுக்க வேண்டும். பல தளங்கள் நிகர எடையால் வகுத்துக் காட்டுகின்றன.

அலகு விலையில் தவறு வரும் இடம் இன்னொன்று. 500 கிராம் பாக்கெட் 450 ஆகச் சுருங்கி, பக்கத்தில் பழைய எடையே நின்றுவிட்டால், அலகு விலை பழைய எடைக்குத்தான் கணக்காகும். விலை மாறாமல் 10 விழுக்காடு எடை குறைந்தால் கிராமுக்கு விலை 11 விழுக்காடு ஏறுகிறது. ஜிஎஸ்1 விதிப்படி அச்சிட்ட நிகர அளவு மாறினால் புதிய பட்டைக்கோட்டு எண் தர வேண்டும். முறையாகச் செய்தால் இந்தக் குழப்பம் வராது. எல்லோரும் செய்வதில்லை.

கேள்வி: நாங்கள் சைவம். உட்பொருட்களில் வெறும் எண்கள் வந்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: 120 என்பது கார்மைன், பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம். 904 ஷெல்லாக், அரக்குப்பூச்சி சுரக்கும் பிசின். 542 எலும்பு பாஸ்ஃபேட். இந்த மூன்றிலும் ஐயமில்லை. 471, 631 இரண்டும் தாவரத்திலிருந்தோ நொதித்தலிலிருந்தோ வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம். 322 லெசித்தின் பெரும்பாலும் சோயா, சில சமயம் முட்டை. எண்ணை மட்டும் வைத்து இவற்றைத் தீர்மானிக்க முடியாது. பாக்கெட்டில் சைவக் குறியோ மூலப்பொருள் பெயரோ இல்லையென்றால் தயாரிப்பாளரிடம் எழுதிக் கேட்பதுதான் வழி. ஐரோப்பியப் பாக்கெட்டில் ஈ என்ற எழுத்துக்குப் பின் வருவதும் இதே எண்கள்தான்.

கேள்வி: கேட்ட பொருள் இல்லை என்று வேறொன்றை அனுப்பிவிடுகிறார்கள். தடுக்க முடியுமா?

பதில்: பெரும்பாலான செயலிகளில் கூடைப் பக்கத்தில் ‘மாற்றுப் பொருள் வேண்டாம்’ என்ற தேர்வு உண்டு. சிலவற்றில் முழு ஆர்டருக்கும் ஒன்றாக, சிலவற்றில் ஒவ்வொரு பொருளுக்கும் தனியாக இருக்கும். ஒவ்வாமையோ உணவுக் கட்டுப்பாடோ உள்ள வீட்டில் இதைக் கட்டாயம் தேர்ந்தெடுத்துவையுங்கள். பொருளை எடுத்துவைப்பவர் வகையையும் அளவையும் பார்த்துத்தான் மாற்று தேடுவார். உட்பொருள் பட்டியலைப் படிக்க அவருக்கு நேரம் தரப்படுவதில்லை. பழைய ஆர்டரை அப்படியே மறுபடி போடும்போது இந்தத் தேர்வு பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். பணம் செலுத்தும் முன் ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: பார்வைக் குறைபாடு உள்ளவன் நான். திரைவாசிப்பான் பொருளின் பெயரையும் விலையையும் படிக்கிறது, உட்பொருட்கள் வரும்போது ‘படம்’ என்று மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது.

பதில்: தளம் லேபிளைப் படமாக மட்டும் போட்டு, எழுத்தாகத் தராததன் விளைவு இது. எவருக்கும் தீங்கு நினைத்துச் செய்ததாக இருக்காது. ஆனாலும் இது உங்களைக் கடைக்கு வெளியே நிறுத்துகிற குறை. உடனடியாக உதவக்கூடியது, படத்தில் உள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் வசதி. இப்போது பல கைபேசிகளில் அது உண்டு. படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி, உட்பொருள் பகுதி மட்டும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து அதில் ஓட்டுங்கள். சின்ன அளவுப் படத்தில் ஓட்டினால் 0.5 என்பது 05 என்றும், சோயா வேறு ஏதோவாகவும் வரும். வளைந்த புட்டியின் ஓரத்தில் உள்ள எழுத்து தவறாக வர வாய்ப்பு அதிகம். ஒவ்வாமை போன்ற விஷயங்களில் இந்த வாசிப்பை மட்டும் நம்பாமல், விவரத்தை எழுத்தாகத் தரச் சொல்லி விற்பனையாளருக்கு எழுதுங்கள். எந்தப் பொருள் என்று பட்டைக்கோட்டு எண்ணோடு குறிப்பிட்டால் ‘எது என்று தெரியவில்லை’ என்று தட்டிக்கழிக்க இடமிருக்காது.

கேள்வி: தளத்தில் சொன்னதும் வந்ததும் வேறு. புகார் கொடுத்தால் ‘எங்கள் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது’ என்கிறார்கள். எப்படி நிரூபிப்பது?

பதில்: புகார் போனதும் பக்கத்தைத் திருத்திவிட்டால் உங்கள் கையில் எதுவும் இருக்காது. அதனால் புகாருக்கு முன்பே பக்கத்தைப் பிடித்துவையுங்கள்: முகவரிப் பட்டை, தேதி, உட்பொருள் பகுதி மூன்றும் தெரியும் திரைப்பிடிப்பு. ஆர்டர் உறுதி மின்னஞ்சலையும் பில்லையும் அதோடு சேருங்கள். பிறகு பாக்கெட்டின் எல்லாப் பக்கங்களையும் படமெடுங்கள். பேட்ச் எண், தேதி, பட்டைக்கோடு, உட்பொருள் பட்டியல், நிகர எடை, தயாரிப்பாளர் முகவரி ஆகிய ஆறும் படிக்கும்படி இருக்க வேண்டும். புகாரில் கோபத்துக்கு முன் இரண்டு வரிகளை வையுங்கள்: ‘பக்கத்தில் இருந்தது இது, பாக்கெட்டில் இருப்பது இது.’ தளம், விற்பனையாளர், தயாரிப்பாளர் மூவருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். பேட்ச் எண்ணைப் பார்த்ததும் தயாரிப்பாளர்தான் பெரும்பாலும் முதலில் நடவடிக்கை எடுப்பார். ஒவ்வாமை தொடர்பானது என்றால் பதிலுக்குக் காத்திராமல் உங்கள் நாட்டின் உணவுப் பாதுகாப்பு அமைப்புக்கும் அன்றே தெரிவியுங்கள்; அதே பேட்ச் வேறு வீடுகளுக்கும் போயிருக்கும்.

பாக்கெட்டை எறிந்துவிடாதீர்கள், திருப்பி அனுப்பச் சொன்னாலும் படமெடுத்த பிறகே அனுப்புங்கள். சோதனைக்குத் தேவைப்படலாம் என்று தோன்றினால் மிச்சத்தை அதே உறையோடு வேறொரு பையில் கட்டி, தேதி எழுதி வையுங்கள். கெட்டுப்போகும் பொருளாக இருந்தால் உறைநிலைப் பெட்டியில் வையுங்கள்.